அசையாச் சுவரும் அசையும் மனிதரும்

சிங்கப்பூரின் சைனாடவுனுக்குச் சீனமொழியில் வழங்கும் பெயர் ‘மாட்டுவண்டித் தண்ணீர்’ என்று பொருள்படும். மாட்டுவண்டிகளில் குடிநீர் கொணர்ந்த காலத்தின் நினைவு அது. அவ்வட்டாரத்துச் சவுத் பிரிட்ஜ் சாலையில்தான் 1827இல் நாராயண பிள்ளை தோற்றுவித்த மாரியம்மன் கோயில் நிற்கின்றது. சுற்றிலும் கடைவீடுகள். முன்னே ஐந்தடிப் பாதை, உள்ளே கடை, நடுவே ஒளியும் காற்றும் இறங்கும் முற்றம், மேலே குடியிருப்பு. தெருவில் நின்று முகப்பைப் படம் பிடித்தல் எளிது. உள்ளே நுழைபவனுக்கே சோதனை தொடங்குகின்றது.

கடைவீடு குறுகியது, நீண்டது, முற்றத்தில் கண் கூசும் வெளிச்சம், மூலைகளில் இருள். பின்வாங்கி நிற்க இடமில்லை. கருவியை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். எனவே, கட்டடக் கலையைப் படமெடுப்போர் கருவியை மட்டமாக நிறுத்தி, வில்லையை மட்டும் மேலே உயர்த்துவர். நான்குக்கு ஐந்து அங்குலப் படச்சுருள் தகடு, சிறு கருவியின் 35 மில்லிமீட்டர் படத்தைக் காட்டிலும் ஏறத்தாழ 13 மடங்கு பரப்புடையது. மரச்சட்டத்தின் உளித்தடமும் ஓட்டின் வெடிப்பும் அதில் தெளிவாகப் பதியும். ஆயினும், அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவுபெற வில்லையின் துளையைச் சுருக்க வேண்டும். மிகச் சுருக்கினாலோ ஒளி விரிந்து நுண்மை மங்கும். இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பதே தேர்ச்சி.

இன்றைய மின்னணுக் கருவியோ பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கின்றது. உணரியை நுண்ணளவு நகர்த்தி மேலும் நுட்பம் கூட்டுகின்றது. முறை மாறினும் நிபந்தனை மாறவில்லை. காட்சி அசையாதிருத்தல் வேண்டும்.

இங்கேதான் வினா எழுகின்றது. 1838இல் பாரிஸ் நகரின் பெருந்தெரு ஒன்றை டாகேர் படமெடுத்தார். நெடுநேரப் பதிவில் நடமாடியோர் யாவரும் மறைந்தனர். காலணிக்கு மெருகேற்ற நின்றிருந்த ஒருவனின் உருவமே தெளிவாக எஞ்சியது. தெளிவை நாடிய கலை, தெருவின் உயிரை இழந்தது. சைனாடவுனின் மாடியறைகளிலோ உயிரே பெரிது. ஒரே மாடி பல சிற்றறைகளாகத் தடுக்கப்பட்டு, அறைக்கொரு குடும்பம் வாழ்ந்த நிலையைப் பேரிங்டன் கே, 1960இல் வெளிவந்த தம் அப்பர் நான்கின் தெரு ஆய்வில் விரித்துரைத்தார். அடுப்பு மூட்டும் தாயை அசையாதே என்று சொல்லலாமா?

இருவேறு விடைகளை இருவர் தந்தனர். கட்டடக் கலைஞர் லீ கிப் லின் பழைய கட்டடங்களைப் பல்லாண்டுகள் படமெடுத்துத் தொகுத்தார். சிங்கப்பூர் வீடுகளைப் பற்றிய நூலை 1988இல் வெளியிட்டார். 1984இல் கலாசாரப் பதக்கம் பெற்ற யிப் சியோங் ஃபன்னோ சைனாடவுன் மக்களின் அன்றாட வாழ்வைப் படமாக்கினார். முன்னவர் சுவரைக் காத்தார். பின்னவர் சுவருக்குள் வாழ்ந்தோரைக் காத்தார்.

1989இல் சைனாடவுன் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. முகப்புகள் பிழைத்தன. ஆனால், பழைய குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. பல கடைவீடுகள் அலுவலகங்களாகவும் உணவகங்களாகவும் மாறின. முகப்பு நின்றது கொண்டு அகம் நின்றதெனக் கருதலாகாது.

ஆதலின், இன்று அவ்வீடுகளுள் முக்காலியை நிறுத்தும் கலைஞனுக்குக் கடமை இரண்டு. ஓட்டின் வெடிப்பை எண்ணத்தக்க தெளிவுடன் ஒரு படம் வேண்டும். அது நாளை செப்பனிடும் தச்சனுக்கு உதவும். அங்கே வாழ்வோர் அசைந்து சற்றே மங்கினும், அவர்களோடு கூடிய மற்றொரு படமும் வேண்டும்; அது நாளை பிறக்கும் பேரனுக்கு உதவும். அம்மங்கலைக் குறையென்று நீக்காதிருப்பதும் தொழில் அறிவேயாகும்.