பச்சை வெளுக்கும் வெளிச்சம்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு கேமரா ரிப்பேர் கடை. மேசைமேல் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று முதுகு திறந்து கிடந்தது. மெக்கானிக் முதலில் கை வைத்தது ஃபிளாஷின் கெபாசிட்டரில். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வைத்த ஒயரால் அதை இறக்கிவிட்டுத்தான் ஸ்க்ரூக்களுக்குப் போனார். சென்சார் வெளியே வந்ததும், அதன் முகத்திலிருந்த மெல்லிய கண்ணாடியை இடுக்கியால் எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துக் காட்டினார். தபால்தலை அளவு, லேசான நீலப்பச்சை நிறம்.

"இது இருக்கிற வரைக்கும் ஐஆர் உள்ள வராது சார். கழட்டறது பெரிய வேலை இல்ல. புதுக் கண்ணாடிய தூசி இல்லாம உட்கார வைக்கணும் பாருங்க, அங்கதான் உயிர் போகும்."

நம் கண் ஏறக்குறைய 700 நானோமீட்டரோடு நின்றுவிடுகிறது. சிலிக்கான் சென்சார் 1000 வரைக்கும் பார்க்கும். நிறங்கள் கெடாமலிருக்கத்தான் கம்பெனிக்காரர்கள் அந்தக் கண்ணாடியை வைக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு அகச்சிவப்பு (ஐஆர்) ஃபில்டரைப் பொருத்துவதே 'கன்வர்ஷன்'. புதுக் கண்ணாடியின் தடிமன் சற்று மாறினாலும் ஃபோகஸ் தள்ளிப்போகும். அச்சடித்த காகிதத்தைச் சுவரில் ஒட்டி, படம் எடுத்துப் பார்த்து, சென்சாருக்கு அடியிலுள்ள ஸ்க்ரூக்களை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். எழுத்து கூர்மையாகும் வரை அவர் பேசவே இல்லை. மிரர்லெஸ் கேமரா சென்சாரிலேயே ஃபோகஸைப் பார்த்துக்கொள்வதால் அதில் இந்தப் பாடு குறைவு.

எந்த ஃபில்டர் என்பதுதான் வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. 590 நானோமீட்டர் ஃபில்டர் போட்டால் ஆரஞ்சும் சிவப்பும் சேர்ந்து உள்ளே வரும். இலைகளைத் தங்க மஞ்சளாக்கலாம். 720 நடுவாந்தரம், ஹோயா ஆர்72 இந்த வகைதான். 850இல் நிறமே மிஞ்சாது. அந்த அலைநீளத்தில் சென்சாரின் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மூன்றும் ஒன்றுபோலவே வெளிச்சத்தை விடுவதால் சுத்தமான கறுப்பு வெள்ளைதான் கிடைக்கும். என் கட்சி 720. 590இன் பகட்டு நாலு படத்தில் சலித்துவிடுகிறது.

உச்சி வெயிலில், கன்வர்ஷன் செய்த கேமரா வைத்திருக்கும் ஒரு புகைப்பட நண்பரோடு லால்பாக் தோட்டத்துக்குப் போனேன். மற்றவர்கள் கேமராவைப் பையில் போடும் அந்த நேரம்தான் அகச்சிவப்புப் படத்துக்கு நல்ல நேரம். அங்குள்ள, ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயதுள்ள பாறைமேல் நின்று பார்த்தால், திரையில் வானம் கறுத்து, மரங்கள் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கும்; அகச்சிவப்பைத் தொடாது. இலையின் உள்ளே காற்றிடைவெளிகளோடு நிற்கும் செல்கள் அதில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். 1910இலேயே இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட். இன்றும் இதற்கு 'வுட் விளைவு' என்றுதான் பெயர்.

அன்று மாலை நண்பர் கம்ப்யூட்டரில் திறந்த ரா ஃபைல் முழுக்க ஒரே சிவப்பு. லைட்ரூம் மென்பொருளின் வெண்சமநிலை 2000 கெல்வினுக்குக் கீழே இறங்காது. அகச்சிவப்புக்கு அது போதாது. அதற்கென்று தனி கேமரா புரொஃபைல் செய்து வைத்திருந்தார். புல்லை வெள்ளையாக்கிவிட்டு, சிவப்புச் சேனலையும் நீலச் சேனலையும் இடம் மாற்றினார். பழுப்பு வானம் நீலமானது.

இப்படி நிறத்தை மாற்றுவது பொய்யில்லையா என்று கேட்கிறவர்களுக்கு இதே ஊரில் பதில் இருக்கிறது. பெங்களூரில் உருவாக்கி 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளின் கேமராக்களில் 770 முதல் 860 நானோமீட்டர் வரை பார்க்கும் அகச்சிவப்பு அலைவரிசை ஒன்று உண்டு. அது தந்த தகவலுக்குச் சிவப்பு நிறம் கொடுத்துத்தான் பயிர்ப் பரப்பை விஞ்ஞானிகள் வரைபடமாக்கினார்கள். அதற்கும் முன்பே, 1970இல், தொலையுணர்வு விஞ்ஞானி பிஷாரடியின் குழுவினர் ஹெலிகாப்டரில் அகச்சிவப்பு ஃபிலிமோடு பறந்து கேரளத் தென்னையின் வாடல் நோயைத் தேடினார்கள். கண் காணாத வெளிச்சத்துக்குச் சொந்த நிறம் கிடையாது. நாம்தான் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். என்ன கொடுத்தோம் என்பதை மறைக்காமல் சொன்னால் போதும். ஆனால் ஃபில்டர் தடுத்துவிட்ட வெளிச்சத்தை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால்தான் அந்தச் சந்துக்கடைக்காரரின் வேலையை நான் மென்பொருளுக்கு ஒரு படி மேலே வைக்கிறேன்.

ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேமராவைப் பிரிக்கக் கொடுக்க வேண்டாம். டிவி ரிமோட்டைக் கேமராவுக்கு நேரே அமுக்குங்கள். திரையில் அதன் முனை பளிச்சென்று மின்னினால், உங்கள் கேமராவுக்குள் கொஞ்சமாவது அகச்சிவப்பு போகிறது. லென்ஸில் மாட்டும் 720 ஃபில்டர் ஒன்றை வாங்கி, டிரைபாடில் வைத்து, பல நொடி எக்ஸ்போஷர் கொடுத்து எடுத்துப் பாருங்கள். படத்தின் நடுவில் வெளுத்த வட்டம் விழுந்தால் அந்த லென்ஸ் இதற்கு ஆகாது. வேறு லென்ஸ் போடுங்கள். அதன் பிறகும் ஆசை நிற்கிறதென்றால், கன்வர்ஷன் செய்து கைப்பழகிய ஒருவரிடம் மட்டும் கேமராவைக் கொடுங்கள்.