நம் நிறத்து மாந்திரீகன்

மாயாஜாலக் கதைகள் குழந்தைகளுக்கே உரியவை என்று சொல்லுவோர் உளர். அவர்களோடு வாதாட நாம் துணியவில்லை. தலை நரைத்த பின்னும் அத்தகைய நவீனங்களை நள்ளிரவு வரையில் கண்விழித்து வாசிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் நாம்; ஆகவே நம் சாட்சியம் செல்லாது.

ஆயினும் ஒரு கதைவரிசையைப் பற்றி நேயர்களிடம் சொல்லாதிருக்க மனம் இடந்தரவில்லை. அமெரிக்க ஆசிரியை ஊர்சுலா லெ குவின் அம்மையார் (1929–2018) எழுதிய 'எர்த்ஸீ' கதைகளே அவை. முதல் நூல் 1968-ம் வருஷத்தில் வெளிவந்தது. 2001-க்குள் ஆறு நூல்கள் ஆயின. கடலெங்கும் தீவுகள் சிதறிக் கிடக்கும் உலகம் அது. கோண்ட் என்னும் மலைத்தீவில் ஆடு மேய்த்துத் திரியும் சிறுவன் கெட், பிற்பாடு பெரிய மாந்திரீகன் ஆகிறான்.

அங்கே மந்திரம் என்பது மைச்சிமிழும் மண்டையோடும் அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் ஆதி மொழியில் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவனுக்கு அப்பொருள் வசப்படும். ஆதலின் எவரும் தம் மெய்ப்பெயரை எளிதில் வெளியிடார். கணவன் பெயரை வாயால் சொல்லாத நம் பாட்டிமார்களுக்கு இந்த ஏற்பாடு விநோதமாகத் தோன்றியிராது! கெட் கர்வத்தால் ஒரு தீய நிழலை உலகில் ஏவிவிட்டு, முகம் வடுப்பட்டு, எல்லோரும் விலகி நிற்க ஒடுங்கிக் கிடக்கிறான். அவ்வமயம் அவன் தோழன் தன் மெய்ப்பெயரைத் தானாகவே அவனிடம் சொல்லுகிறான். எத்தனை முறை படித்தாலும் அவ்விடத்தில் நமக்குக் கண் கலங்காமல் இருப்பதில்லை.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். ஆங்கில மாயக் கதைகளில் வீரன் வெள்ளையனாயிருப்பது வழக்கம். டோல்கீன் பெரியவரின் மோதிரக் கதையை நாம் போற்றுகிறோம்; ஆனால் அதில் தெற்கிலிருந்து வரும் கருத்த மேனியர் பகைவனின் படையில் அல்லவா நிற்கிறார்கள்! கெட் அப்படியல்ல. அவன் செம்புப் பழுப்பு நிறத்தவன். மெய்ப்பெயர் சொன்ன தோழனோ நல்ல கறுப்பு. முதல் அத்தியாயத்தில் கொள்ளையடிக்க வருபவர்களே வெள்ளைத் தோலர்கள். இதை அம்மையார் முரசறைந்து சொல்லவில்லை. போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். வெள்ளைக்கார வாசகன் அதைக் கவனிக்குமுன் கெட்டின் தோலுக்குள் புகுந்து பாதி தூரம் கடந்திருப்பான். வேண்டுமென்றே செய்த தந்திரம் அது!

எழுத்தில் நுழைந்த நிறம் அட்டைப் படங்களில் நிலைக்க வெகுகாலம் ஆயிற்று. பிற்பாடு வந்த பதிப்புகள் பலவற்றில் கெட்டை வெளுத்தே தீட்டினார்கள். 2004-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கதையை நாடகமாக்கியபோதும் வெள்ளை நடிகரே கெட்டாக வந்தார். எழுபத்தைந்து வயதில் அம்மையார் அதைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். நிறத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், அது மாற்றப்படாத பக்கத்தில் இருப்பவர்களே என்பது நம் அபிப்பிராயம்.

நான்காம் நூல் 'தெஹானு' 1990-ல் வந்தது. மூன்றாவதற்குப் பின் பதினெட்டு வருஷம் கழித்து. அதில் கெட் சக்தி முழுதும் இழந்தவன். வீரச் செயல்களை எதிர்பார்த்தவர்கள் முகஞ்சுளித்தார்கள். நமக்கோ அதுவே எல்லாவற்றிலும் பிரியமானது. சக்தி போன பின் பாத்திரம் கழுவக் கற்றுக்கொள்ளும் மாந்திரீகனை வேறெங்கே காண்பது?

சார்லஸ் வெஸ் என்னும் சித்திரக்காரர், அம்மையாரோடு கலந்து ஆலோசித்தே படங்கள் எழுத, எல்லாக் கதைகளும் அடங்கிய பெரும் பதிப்பு 2018-ல் வெளியாயிற்று. அவ்வருஷம் ஜனவரியிலேயே அம்மையார் காலமாகிவிட்டார். படங்களில் கெட் பழுப்பு நிறத்தவன்தான்.

நம் வீட்டுச் சிறுமி அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இவன் நம்ம மாமா மாதிரியே இருக்கிறானே!" என்றாள். தம் நிறத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அந்த மாமாவுக்குக் கோபம் வந்துவிடும். அன்று அவர் ஒன்றும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, "கொடு, பார்ப்போம்" என்று கையை நீட்டினார்.