விலையும் செவியும்

இசையைத் தனிமையிற் கேட்டல் என்பது மனித வரலாற்றில் மிக அண்மைக்காலத்து வழக்கமாகும். கோயில் வீதியிலும் மண்டபத்திலும் வீட்டு முற்றத்திலும் பலர் கூடியிருந்து கேட்டதே இசை. ஒருவர் செவிக்கு மட்டும் ஒலியைக் கொண்டு சேர்க்கும் ஹெட்போன், தொடக்கத்தில் இசைக்கெனத் தோன்றியதுமன்று. 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியல் போல்ட்வின் என்பவர் தமது வீட்டிலேயே செய்தளித்த கருவிகளை அந்நாட்டுக் கடற்படை வாங்கிக்கொண்டது. இசைக்குரிய ஸ்டீரியோ ஹெட்போனை ஜோன் கொஸ் 1958இல் மில்வோக்கி நகரில் அறிமுகஞ் செய்தார். 1979 யூலையில் யப்பானின் சோனி நிறுவனம் வெளியிட்ட வோக்மனே அதனை வீதிக்குக் கொணர்ந்தது. அதனோடு வழங்கப்பெற்ற ஹெட்போன் ஏறக்குறைய 50 கிராம் நிறையே உடையது; அக்காலத்து ஏனையவை அதனிலும் பன்மடங்கு பாரமானவை. முதல் வோக்மனில் இருவர் ஒருங்கே கேட்பதற்கென இரண்டு துளைகள் அமைந்திருந்தமை சுவையான செய்தியாகும். தனித்துக் கேட்டலுக்கு அதனைச் செய்தோரே அன்று முற்றாகப் பழகியிருக்கவில்லை போலும்.

இன்று நிலைமை வேறு. பல்கலைக்கழக மாணவரின் பையில் நூல் இல்லாத நாளுண்டு; ஹெட்போன் இல்லாத நாளில்லை. விடுதி அறையிற் பிறர் துயிலைக் கெடாமற் பாட்டுக் கேட்கவும், நெடும்பயணத்தை மறக்கவும், விரிவுரைப் பதிவுகளை மீளக் கேட்கவும் அதுவே துணை. நடைபாதைக் கடையிலே சில நூறு ரூபாவுக்குக் கிடைப்பது ஒரு வகை. ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடுவது மற்றொரு வகை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு, 50 முதல் 150 அமெரிக்க டொலர் வரையிலான விலையுடையவற்றை நடுத்தர விலையின என வகுத்துக்கொள்ளலாம். மாணவர் ஒருவருக்கு அத்தொகை பல மாதச் சேமிப்பாகும். எனவே அவர் செய்யுந் தெரிவு அற்பமானதன்று. அத்தெரிவை எதனைக் கொண்டு செய்வது என்பதே கேள்வி.

பெரும்பாலோர் விலையைக் கொண்டே தரத்தை மதிப்பர். பணத்துக்கேற்ற பண்டம் என்னும் நம்பிக்கை பல துறைகளிற் பொருந்துவதாயினும் இத்துறையில் அது தளர்ந்துபோகின்றது. 2017இல் ஜெரோன் பிறீபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் ஒலித்துலங்கலை அளந்து, அவற்றின் விலையோடு ஒப்பிட்டு நோக்கினார். இரண்டிற்குமிடையே குறிப்பிடத்தக்க தொடர்பெதுவும் காணப்படவில்லை. இதனால் விலை எதனையுமே குறியாது என்று கொள்ளுதல் பொருந்தாது. கட்டுறுதி, மெத்தையின் மென்மை, கம்பியில்லா இணைப்பு, புறவொலியைக் குறைக்கும் ஏற்பாடு, விளம்பரச் செலவு, பெயரின் பெருமை யாவும் விலையினுள் அடங்கும். ஒலியின் செம்மை அவற்றுள் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

விலைக்கு அடுத்தபடியாக வாங்குவோரை மயக்குவன பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட எண்களாகும். ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையை மீடிறன் என்பர். மனிதச் செவி 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களைக் கேட்கவல்லது என்பது பாடநூற் செய்தி. அதே எண்களை ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளிலும் காணலாம். ஆயின் அவ்வெல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபெல் ஏறி இறங்குகின்றது என்பது கூறப்படாதவிடத்து அவ்வெண்கள் பொருளற்றவை. பயனுள்ள எண்கள் வேறு இரண்டு உள. ஒன்று ஓமிற் கூறப்படும் மின்தடங்கல்; மற்றையது ஒரு மில்லிவாற்று வலுவுக்கு எத்தனை டெசிபெல் ஒலி பிறக்கும் எனக் கூறும் உணர்திறன். கைத்தொலைபேசி போன்ற சிறு கருவிகள் தரக்கூடிய மின்னழுத்தம் குறைவாகும். ஆதலால் 32 ஓமை அண்டிய தடங்கலும் 100 டெசிபெல்லை அண்டிய உணர்திறனும் உடையவை அவற்றோடு இணங்கி இயங்கும். 300 ஓம் தடங்கலுடைய ஒன்று எத்துணைச் சிறந்ததாயினும் தனிப் பெருக்கியின்றிச் சோர்ந்தே ஒலிக்கும்.

எண்களுக்கு அப்பால் இருப்பது செவி. செவித்துளை ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் நீளமுள்ள, ஒருபுறம் அடைபட்ட குழாயாகும். புல்லாங்குழலுக்குரிய இயல்பு அதற்கும் உண்டு. 3,000 ஹேர்ட்ஸை அண்டிய ஒலிகளை அது தானாகவே மிகுவிக்கின்றது. அத்துளையின் நீளமும் அகலமும் ஆளுக்காள் வேறுபடுதலின், ஒரே ஹெட்போன் இருவருக்கு ஒரே வகையாய் ஒலிப்பதில்லை. செவித்துளையுட் செருகும் வகையாயின், நுனியிலுள்ள இறப்பர்க் குமிழ் இறுகப் பொருந்தாதபோது தாழ்ந்த ஒலிகள் இடைவெளியூடே கசிந்து மறையும். தாழ்ந்த ஒலி இல்லையெனக் குறைகூறி ஒதுக்கப்பட்ட பலவற்றின் உண்மைக் குறை, குமிழின் அளவு பொருந்தாமையே எனலாம். சில ரூபா பெறுமதியான குமிழொன்றை மாற்றுதல், விலைகூடிய வேறொன்றை வாங்குதலினும் மிக்க பயன் தருதலுண்டு.

அவ்வாறாயின் நல்லொலி என்பது ஆளுக்காள் மாறும் வெறும் விருப்பந்தானா? அன்று. ஷோன் ஓலிவ் என்பாரும் அவர்தம் துணைவரும் ஹாமன் நிறுவனத்தில் நடத்திய ஆய்வுகளில், பெயரும் விலையும் மறைக்கப்பட்ட நிலையிலே கேட்டோருட் பெரும்பான்மையினர் ஏறத்தாழ ஒரே வகை ஒலியையே விரும்பினர். நல்ல அறையொன்றில் நல்ல ஒலிபெருக்கியினின்று வரும் ஒலியை ஒத்த சமநிலையே அது. கண் மூடப்பட்டவிடத்து மாந்தர் செவிகள் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றன; கண் திறந்தவிடத்துப் பெயர்ப்பலகை குறுக்கிடுகின்றது.

ஆகவே வாங்குவோர் செய்யத்தக்க முதற்காரியம், தாம் நன்கறிந்த இசைப்பதிவொன்றைக் கடைக்குக் கொண்டுசெல்லுதலாகும். கடைக்காரர் இசைக்கும் பாடல், அக்கருவியின் குறையை மறைப்பதற்கெனத் தெரியப்பட்டதாயிருக்கலாம். நம்மவருக்கு மிருதங்கம் மிகச் சிறந்த உரைகல்லாகும். வலந்தலையின் நடுவே இடப்படும் கரிய பூச்சினால் அதன் மேற்சுரங்கள் ஒழுங்கான எண்விகிதத்தில் அமைகின்றன என்பதைச் சேர். சி. வி. இராமன் 1934இல் வெளியிட்ட ஆய்விலே விளக்கினார். அவ்வொழுங்கு குலையாமற் சுருதியோடு இழைந்து ஒலிக்கின்றதா என்பதை வலந்தலையும், தாழ்ந்த ஒலி வீங்காமலும் மெலியாமலும் எழுகின்றதா என்பதை இடந்தலையும் காட்டிவிடும். பின்னணித் தம்புராவின் மெல்லிய ரீங்காரம் தனித்துத் தெரிகின்றதா, பாடகரின் குரல் மூக்கடைத்ததுபோற் கேட்கின்றதா என்பனவும் நோக்கற்பாலன.

இரண்டாவதாக, இரு கருவிகளை ஒப்பிடுமிடத்து ஒலியளவைச் சமப்படுத்திக் கேட்டல் வேண்டும். ஒலி உரக்க எழுமிடத்துத் தாழ்ந்த சுரங்களையும் செவி கூடுதலாக உணரும் என்பதை பிளெச்சர், மன்சன் ஆகியோர் 1933இலேயே நிறுவினர். ஆதலாற் சற்றே உரக்க ஒலிக்கும் கருவி சிறந்தது போலத் தோன்றும். அத்தோற்றம் உண்மையென நம்பப்பட்டு விலைபோன பொருள்கள் பல.

மூன்றாவது, கேட்கும் இடம். 1984இல் வெளிவந்த கொஸ் நிறுவனத்தின் போட்டா புரோ இன்றும் 50 டொலரை அண்டிய விலைக்கு விற்பனையாகின்றது. மடித்துப் பையில் இடத்தக்க மெல்லிய கம்பியும் கடற்பஞ்சு மெத்தையும் உடைய அதன் புறம் திறந்தது. அமைதியான அறையிலே அதன் ஒலி விரிந்து இனிமையாய்க் கேட்கும். பேருந்திலோ வெளியிரைச்சல் தடையின்றி உட்புகும். அருகிருப்பவருக்கும் பாட்டுக் கேட்கும். அதே விலையிற் செவித்துளையைப் பொருந்த அடைக்கும் வகையொன்று, பயணத்துக்கு அதனினும் ஏற்றதாகும். கம்பியுள்ளதா இல்லாததா என்பதும் இவ்வாறே தீர்க்கப்பட வேண்டியது. புளூடூத் வகை வசதியானது. ஆயின் அதன் சிறிய பற்றரி சில ஆண்டுகளில் வலுவிழக்கும். பலவற்றில் அதனை மாற்றவும் இயலாது. கம்பியைக் கழற்றி மாற்றத்தக்க ஹெட்போன், மாணவரின் பட்டப்படிப்பு முடிந்த பின்னரும் உழைக்கக்கூடும்.

இடத்தைப் பற்றிய இவ்விசாரம் வசதியோடு மட்டும் தொடர்புடையதன்று. வெளியிரைச்சலை வெல்லுவதற்காக ஒலியை உயர்த்துவோர், தம்மையறியாமலே செவியைத் தேய்க்கின்றனர். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த நியமத்தின்படி, வளர்ந்தோர் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும்: 83இல் 20 மணித்தியாலம், 86இல் 10, 89இல் 5. உட்செவியில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் மனிதரில் மீள வளர்வதில்லை. நன்கு பொருந்தும் கருவி ஒலியை உயர்த்தும் தேவையைக் குறைக்கின்றது. ஆதலால் நல்லொலியும் செவிநலமும் இங்கு ஒரே வழியிற் செல்கின்றன.

எனவே நடுத்தர விலை என்பது, உயர்ந்ததை வாங்க இயலாதவர் மனமாறுதலுக்காகக் கொள்ளும் இரண்டாம் இடமன்று. தம் செவியின் அளவையும், கேட்கும் இடத்தையும், விரும்பும் இசையையும் அறிந்த ஒருவருக்கு அவ்விலையினுள்ளேயே போதிய ஒலி கிடைக்கின்றது. அவற்றை அறியாதவருக்கு எவ்விலையிலும் அது உறுதியில்லை. கடையில் இரண்டு கருவிகளை மாறிமாறி அணிந்து, ஒலியளவைச் சமப்படுத்தி, விலைச்சீட்டைப் பாராமற் கால்மணி நேரம் கேட்கும் பொறுமை எந்த மாணவருக்கும் எட்டக்கூடியதே. ஹெட்போன் பழுதுற்றால் வேறொன்று வாங்கலாம். அதனை அணியும் செவிக்கு அந்த வாய்ப்பு இல்லை.