ஓடுறதுக்கும் பட்டம் உண்டு!

"ஏங்க, நாலு மணி நேரம் ஓடறதுக்காகப் பத்து மணி நேரத்துக்கு மேல ப்ளேன்ல உட்கார்ந்து போகணுமா? நம்ம வெண்ணாத்தங்கரை என்ன பாவம் பண்ணுச்சு?"

என் மனைவி கேட்டதில் தப்பே இல்லை.

நான் நீடாமங்கலத்துக்காரன். தஞ்சாவூரில் குமாஸ்தா உத்தியோகம். தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து மூணாறு தலைப்பு வரை ஓடுவேன். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம். ஆரம்பத்தில், "யாரு சார் துரத்தறாங்க?" என்று பதறிய டீக்கடைக்காரர், அப்புறம் பழகிப்போய் நாயை மட்டும் பிடித்துக் கொள்வார்!

சென்னை மாரத்தானில் 42.195 கிலோமீட்டரை 4 மணி 11 நிமிஷத்தில் முடித்தேன். மறுவருஷம் 4 மணி 9. நாலு மணிக்குள் முடிக்க, கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 41 விநாடி ஓட வேண்டும். புழுக்கம் விடவில்லை. வியர்வை காயாது, உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடும், காலுக்குப் போக வேண்டிய பங்கு குறையும். இதயம் பாவம், ரெண்டு முதலாளிக்கு வேலை செய்யும்.

அப்போதுதான் பெர்லின் மேல் கண் விழுந்தது. நம்ம டெல்டா மாதிரியே தட்டையான ஊர். செப்டம்பர் கடைசியில் ஜில்லென்ற காலை. 2003-ல் பால் டெர்காட் தொடங்கி 2022-ல் கிப்சோகே (2 மணி 1 நிமிஷம் 9 விநாடி) வரை, ஆண்கள் உலக சாதனை அங்கே எட்டு தடவை விழுந்திருக்கிறது. குலுக்கலில் பெயர் போட்டேன். விழுந்தும் விட்டது!

செலவுக்கு? மாடியில் ரூம் எடுக்கச் சேர்த்த பணம். விஷயம் வீட்டில் வெடித்தது. மனைவியின் அண்ணன் வந்தார்.

"ஏன் மாப்ளே, சொந்த ஊர்ல முடியாததை சௌகரியமான ஊரா பார்த்துப் போய் செஞ்சா, அதுக்குப் பேரு சாதனையா?"

சுருக்கென்றது. ஷிவ்நாத் சிங் 1978-ல் நம்ம ஜலந்தரிலேயே 2 மணி 12 நிமிஷத்தில் ஓடினார். நாற்பது வருஷத்துக்கு மேல் எந்த இந்தியராலும் அதைத் தாண்ட முடியவில்லை. அவர் பெர்லினா தேடினார்? அதே சமயம், 2011-ல் பாஸ்டனில் முட்டாய் 2 மணி 3 நிமிஷம் 2 விநாடியில் ஓடியதை உலக சாதனையாக ஏற்கவில்லை. பாதையில் இறக்கம் அதிகம், ஒரே திசையில் போகிறது என்பதால். அப்படியானால் நான் செய்வது எந்தக் கணக்கு? ராத்திரி தூக்கம் வரவில்லை.

திண்ணையில் அப்பா. விஷயத்தைச் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடி கேட்டார்.

"ஆடியில ஏன் தம்பி விதைக்கிறோம்? சித்திரையில விதைக்கப் பயந்தா?"

"இல்லப்பா... பட்டம்."

"பட்டம் பார்க்கிறது ஏமாத்து வேலை இல்லை. ஆனா ஒண்ணு... பட்டம் வந்து நாத்து நட்டுத் தராது. குனியறது நாமதான்."

போனேன். முப்பத்தேழாவது கிலோமீட்டரில் கால் கெஞ்சியது. குளிர் இருந்தது, ரோடு தட்டையாக இருந்தது. ரெண்டும் எனக்காக ஓடித் தரவில்லை. குனிந்து நட்டேன்.

3 மணி 57 நிமிஷம்!

மெடலை மனைவி கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆசையாகத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"நல்லாத்தான் இருக்கு. மாடி ரூம் கட்டுங்க... அங்க மாட்டிடலாம்!"