பட்டியலில் இல்லாத பாறை

விளவங்கோடு தாலுகாவில் ஒரு கல்குவாரியைப் பக்கத்துக் குன்றுவரை விரிவாக்க விண்ணப்பம் போட்டிருந்தார்கள். குமரிப் பாறைகள் டாரஸ் லாரிகளில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஊர்க்காரர்கள் என்னிடம் வந்தது தூசிக்காகவும் சுவர் வெடிப்புக்காகவும்தான். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு எழும்போது கூட வந்த முதியவர் ஒருவர், "மேல எழுத்துப் பாறை ஒண்ணு கெடக்கு சாரே, அதுவும் போயிருமா?" என்றார். "அத பொறவு பேசலாம் பாட்டா" என்று மற்றவர்கள் அவரை அடக்கினார்கள். எனக்கு அது விடவில்லை.

சுற்றுச்சூழல் அனுமதிப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். பதினைந்து கிலோமீட்டருக்குள் பண்பாட்டு மதிப்புக்காகச் சட்டம் பாதுகாக்கும் இடம் உண்டா என்பது 2006ஆம் ஆண்டு அறிவிக்கை கேட்கும் கேள்விகளில் ஒன்று. விண்ணப்பதாரரிடம் கூலி வாங்கிய ஆலோசகர் 'இல்லை' என்று எழுதியிருந்தார். அந்தக் குன்றில் ஏறி நின்றால் சிதறால் மலை தெரியும்! அங்கே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண்துறவி பொன் கொடுத்த செய்தி வட்டெழுத்தில். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அந்த இடத்தையே பார்க்காதவர் எழுத்துப் பாறையையா தேடிப் போயிருப்பார்?

ஆனால் சிதறாலை வைத்து வழக்கை ஜெயிக்க முடியாது. 1992 ஜூன் 16 அறிவிக்கைப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை சுரங்க வேலைக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டரில் அனுமதி பெற வேண்டும். எங்கள் குவாரியோ பல கிலோமீட்டர் தள்ளி. எழுத்துப் பாறை மத்திய அரசின் பட்டியலிலும் இல்லை, மாநிலப் பட்டியலிலும் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் வாதாடினார். சட்டப்படி அவர் சொன்னதில் தப்பில்லை.

எங்கள் பக்கம் முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் ஒரு பாறையைப் பற்றித் தேடுவதென்றால் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை நூல்களையும், பிறகு தமிழகத் தொல்லியல் துறை போட்ட கன்னியாகுமரிக் கல்வெட்டுத் தொகுதிகளையும் புரட்ட வேண்டும். இரண்டிலும் அகப்படவில்லை. கடைசியில் கைகொடுத்தது பழைய மலையாள நிலப்பதிவேடு. பாறை கிடக்கும் சர்வே எண்ணுக்கு எதிரே புரயிடப் பெயர், அதாவது நிலத்தின் பெயர், 'எழுத்துப்பாறவிள' என்றிருந்தது. வழக்குக்காக யாரும் இட்டுக்கட்டிய கதையல்ல என்று காட்ட அந்த ஒரு வரி போதும்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தடை கேட்பதை விட்டுவிட்டேன். அனுமதி கொடுக்குமுன் யாராவது போய்ப் பார்க்கட்டும் என்று மட்டும் கேட்டேன். தடை கேட்டிருந்தால் பட்டியல் எங்கே என்ற கேள்வியில் மனு விழுந்திருக்கும். தொல்லியல் அலுவலர், சர்வேயர், வருவாய்த் துறை மூவரும் சேர்ந்து பார்வையிட உத்தரவானது.

அலுவலர் பாறையைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் அடித்து, மை ஒற்றி மைப்படி எடுத்தார். வட்டெழுத்துதான். பாதிக்குமேல் தேய்ந்திருந்தது, விளக்கெரிக்க நிலம் விட்ட செய்தி என்று படித்தார். பெரிய கண்டுபிடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அறிக்கை வந்ததும் விண்ணப்பதாரரே அந்தச் சர்வே எண்ணை விட்டுக்கொடுத்தார்.

பட்டியலில் ஏறிவிட்டால் நிம்மதி என்றும் நினைக்க வேண்டாம். மதுரை அரிட்டாபட்டி 2022லேயே பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ் பிராமிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள ஊர். அதன் ஒரு பகுதியையும் சேர்த்துத்தான் 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடந்தது. ஊர்கள் திரண்டு போராடிய பிறகே 2025 ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

தூசிக்கும் சுவர் வெடிப்புக்கும் இழப்பீடு கேட்டுத் தனியாகப் போட்ட வழக்கில் தோற்றோம்.