பால்குடம் பதிவுப் பக்கம் ஏன் வெள்ளையாப் போச்சு?

தைப்பூச பால்குடம் பதிவுப் பக்கம் ரெண்டு நாளா திறக்கலைன்னு நிறைய பேர் வாட்ஸ்அப்ல கேட்டீங்க. சிலர் கோபமாவே கேட்டீங்க, அது நியாயம்தான். என்ன நடந்துச்சுன்னு எனக்குப் புரிஞ்ச அளவுக்கு எழுதுறேன்.

நான் எஸ்பிஎம் வரைக்கும் படிச்சவன். ஃபேக்டரியில லைன் சூப்பர்வைசர், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. ஆனா ரெண்டு ராத்திரியும் ஷிப்ட் முடிஞ்சு வந்து, பக்கத்தை எழுதின தம்பி கூடவே உட்கார்ந்திருந்தேன். அவர் நம்ம கோயில் தேவார வகுப்புல வளர்ந்த பிள்ளை. ஒரு காசு வாங்காம செஞ்சு கொடுத்தார். கூட்டத்துல "இந்தப் பையனுக்கு எழுதத் தெரியலை, பழையபடி நோட்டுப் புத்தகத்துக்கே போயிடலாம்"னு பேச்சு வந்தப்ப தலையைக் குனிஞ்சுகிட்டார். அதைப் பார்த்துதான் நான் போய் உட்கார்ந்தேன்.

பக்கம் ரியாக்ட்ங்கிற சாதனத்துல எழுதினது. 2013ல ஃபேஸ்புக் வெளியே விட்டது. அதோட வழக்கம் என்னன்னா, உள்ளே இருக்கிற தகவல் மாறினா திரையை அதுவே மறுபடி வரையும். ஒரு குடம்னு இருக்கிறது ரெண்டானா, நாம ஒண்ணும் செய்ய வேண்டாம், திரையில ரெண்டுன்னு வந்துடும்.

முந்தின நாள்தான் தம்பி "இன்னொரு குடம் சேர்" பொத்தானை வெச்சார். பொத்தானை அழுத்தினா எந்த வேலையைச் செய்யணும்னு ஆன்கிளிக்ங்கிற இடத்துல வேலையோட பெயரை மட்டும் எழுதணும். பெயருக்குப் பின்னாடி ஒரு ஜோடி வளைவுக்குறி சேர்ந்திருச்சு. பெயர் மட்டும் இருந்தா, "அழுத்தினதும் இதைச் செய்"னு அர்த்தம். வளைவுக்குறி சேர்ந்தா, "இப்பவே செய்"னு அர்த்தம். அர்ச்சனைச் சீட்டை ஐயர் கையில கொடுக்கிறது வேற, சீட்டு எழுதும்போதே அர்ச்சனையை ஆரம்பிக்கிறது வேற.

அதனால யாரும் அழுத்தாமலேயே, திரை வரையும்போது ஒரு குடம் கூடுச்சு. தகவல் மாறினதால திரையை மறுபடி வரைஞ்சுச்சு. வரையும்போது இன்னொரு குடம். இப்படிச் சுத்திக்கிட்டே இருந்தா ஃபோனே திணறிடும்னு ரியாக்ட் 25 தடவைக்கு மேல விடாது. "டூ மெனி ரீ-ரெண்டர்ஸ்"னு பிழை சொல்லி நிறுத்திடும். நீங்க பார்த்த வெள்ளைத் திரை அதுதான்.

கூட்டத்துல ஒருத்தர் பெரிய சர்வர் வாங்கலாம்னார். எங்க ஃபேக்டரியில கன்வேயர் மோட்டார் ட்ரிப் ஆகுதுன்னா ஓவர்லோட் ரிலேயைக் குறை சொல்றவங்க இருக்காங்க. ரிலே மோட்டாரைக் காப்பாத்துது, மாட்டிக்கிட்டிருக்கிறது வேற எங்கேயோ. வளைவுக்குறியை எடுத்தார், பக்கம் வந்துடுச்சு. ஒரு வெள்ளிகூட செலவில்லை.

எல்லாரும் கை தட்டிட்டுக் கிளம்பினாங்க. எனக்கு மட்டும் மனசு ஒப்பலை. பக்கம் திறந்துச்சே தவிர ரொம்ப மெதுவா இருந்துச்சு. "தம்பி, இப்ப சும்மா இருக்கிறப்ப உள்ளே என்ன ஓடுது, காட்டுங்க"ன்னேன். நெட்வொர்க்னு ஒரு பலகையைத் திறந்தார். யாரும் எதையும் தொடலை, ஆனா நேரப் பட்டியலைக் கேட்டு சர்வருக்குக் கோரிக்கை மேல கோரிக்கை போய்க்கிட்டே இருந்துச்சு, தண்ணிக் குழாயைத் திறந்து விட்ட மாதிரி.

யூஸ்எஃபெக்ட்னு ஒரு பகுதி. திரை வரைஞ்சு முடிச்சதும் அது ஓடும். எப்பெப்ப ஓடணும்னு கடைசியில ஒரு பட்டியல் கொடுக்கணும், அது விடுபட்டுப் போச்சு. கொடுக்கலைன்னா ஒவ்வொரு தடவை வரைஞ்ச பிறகும் ஓடும். ஓடினா நேரப் பட்டியல் வரும். அதே நேரங்கள்தான், ஆனா புதுசா அடிச்ச காகிதம். ரியாக்ட் உள்ளே எழுதியிருக்கிறதைப் படிச்சுப் பார்க்காது, காகிதம் புதுசுன்னா தகவல் மாறிடுச்சுன்னு திரும்ப வரையும். திரும்ப ஓடும். இதுல பதில் வர்றதுக்கு இடையில நேரம் இருக்கிறதால, முதல்ல சொன்ன மாதிரி ரியாக்ட் கூச்சல் போட்டு நிறுத்தாது. சத்தம் போடாத இந்தக் கோளாறுதான் மோசம்னு எனக்குப் பட்டுச்சு. தைப்பூசத்துக்கு முந்தின நாள் எல்லாரும் ஒரே நேரத்துல திறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்!

வெறும் பட்டியல் ஒண்ணு, ரெண்டே சதுர அடைப்புக்குறி, கடைசியில சேர்த்தார். இப்ப பக்கம் திறக்கும்போது ஒரு தடவைதான் கேட்குது. அவர் லேப்டாப்ல மட்டும் ரெண்டு தடவை காட்டுச்சு. பதறிட்டார் பாவம். சோதனை நேரத்துல ஸ்ட்ரிக்ட் மோட் வேணும்னே ரெண்டு தடவை ஓட்டிப் பார்க்குமாம், நீங்க திறக்கிற பக்கத்துல அப்படி இல்லை. மறுநாள் கூட்டத்துல இதை அவரையே எழுந்து சொல்லச் சொன்னேன். நோட்டுப் புத்தகப் பேச்சு அதுக்கப்புறம் வரலை.

பக்கம் மெதுவா இருந்தப்ப "பதிவு செய்" பொத்தானைப் பல தடவை அழுத்தினவங்க பெயர் ரெண்டு மூணு தடவை பதிவாகியிருக்கு. இப்ப ஒரு தடவை அழுத்தினதும் பொத்தான் மங்கிடும், பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க. கூடுதலா பணம் கட்டினவங்க ரசீதை எடுத்துக்கிட்டு சாயந்திர பூஜைக்கு அப்புறம் கவுண்டருக்கு வாங்க, நான் இருப்பேன். ஃபோன் இல்லாத பெரியவங்க நேரா வந்தாலே போதும், நாங்களே பதிஞ்சு தர்றோம்.