வெள்ளித் திரையும் வீட்டுக் கூடமும்

ஸினிமாவினால் வாலிபர்கள் கெட்டுப் போகிறார்களா, அல்லது வாலிபர்களால் ஸினிமா கெட்டுப் போகிறதா? நமது திருச்சிராப்பள்ளியில் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். தியாகராஜ பாகவதர் புகழின் உச்சியில் இருந்த நாட்களில், இவ்வூர் வாலிபர்கள் 'பாகவதர் கிராப்' வைத்துக் கொண்டு, பிடரியில் முடி புரள நடமாடினார்கள். பெரியவர்கள் தலையில் அடித்துக் கொண்டார்கள். பின்னர் அதே வாலிபர்கள் தாத்தாக்களாகித் தங்கள் பேரன்மாருடைய தலைமுடியைக் கண்டு தலையில் அடித்துக் கொண்டார்கள். உலகம் இப்படித்தான் நடந்து வருகிறது.

ஆனால் தலைமுடியைப் பற்றியதல்ல இன்றைய விவகாரம். நாம் வசிக்கும் கே.கே. நகரில், பொன்மலை ரயில்வே பட்டறையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பெண் படித்து, உத்தியோகத்துக்கும் போகிறாள். சென்ற மாதம் அவள் தகப்பனாரிடம் வந்து, தான் மணக்க விரும்பும் பையனைப் பற்றிச் சொல்லி விட்டாள். பையன் வேறு ஜாதி. "எல்லாம் இந்த ஸினிமா செய்கிற வேலை, ஸார்!" என்றார் நண்பர், மாலையில் உலாவப் போனபோது.

இது உண்மைதானா என்று நாம் சற்று யோசித்துப் பார்த்தோம்.

1939-ல் கே. சுப்ரமண்யம் எடுத்த 'தியாகபூமி' வெளிவந்தது. கல்கியின் கதை. புருஷனால் துரத்தப்பட்ட சாவித்திரி, பிற்காலத்தில் செல்வமும் செல்வாக்கும் பெறுகிறாள். அப்போது புருஷன் கோர்ட்டுக்குப் போய், "என் மனைவி என்னுடன் வந்து வாழ வேண்டும்" என்கிறான். அவளோ, "வேண்டுமானால் நான் அவருக்கு ஜீவனாம்சம் கொடுக்கிறேன்" என்று சொல்லி விடுகிறாள்! விவாகரத்து என்பதே சென்னை மாகாணத்து ஹிந்துப் பெண்களில் பெரும்பாலோருக்குச் சட்டத்தில் இல்லாதிருந்த காலம் அது. பிரிட்டிஷ் சர்க்கார் அந்தப் படத்தைத் தடை செய்தார்கள். அவர்களுக்குப் பயம் சாவித்திரியிடம் அல்ல, படத்திலிருந்த தேசீய உணர்ச்சியிடந்தான். ஆனால் பல வீடுகளில் சர்க்காரைவிடப் புருஷர்களே அதிகம் கலங்கியிருப்பார்கள் என்பது நமது ஊகம்.

1986-ல் வந்த 'மௌன ராக'த்தில், பெற்றோரின் வற்புறுத்தலுக்காகக் கழுத்தை நீட்டிய பெண்ணிடம், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கணவன் கேட்கிறான். "விவாகரத்து" என்கிறாள். சாவித்திரி கோர்ட்டிலே சொன்ன 'மாட்டேன்' இப்போது வீட்டுக்குள்ளேயே வந்து விட்டது. கடைசியில் கணவனும் மனைவியும் ஒன்று சேர்கிறார்கள் என்பது வேறு விஷயம். தமிழ் ஸினிமாவில் இடைவேளைக்கு முன்னால் புரட்சி; இடைவேளைக்குப் பின்னால் சமாதானம்!

2000-ல் 'அலைபாயுதே' வந்தது. இதில் வரும் இளைஞனும் பெண்ணும் 'மாட்டேன்' என்று சொல்லவில்லை, 'செய்யட்டுமா?' என்று கேட்கவுமில்லை. இரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டு, அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். பெற்றோர் பலர் அன்று பதறினார்கள். ஆனால் கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த பிறகுதானே பிள்ளைகள் கேளாமல் செய்கிறார்கள்? அந்த நிச்சயத்தை அவர்களுக்கு ஊட்டியது ஸினிமாக் கொட்டகையா, வீட்டுக் கூடமா?

கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் என்ன நேர்ந்தது என்பதையும் ஸினிமா பிறகு காட்டியது. 2004-ல் வந்த 'காதல்' படத்தில், மதுரையில் மெக்கானிக்காக வேலை செய்யும் பையன், பணக்கார வீட்டுப் பெண்ணை மணந்ததற்காக அடிபட்டுச் சித்தம் கலங்கித் திரிகிறான். படம்தானே என்று தள்ளிவிட முடியுமா? 2016-ம் வருஷம் மார்ச்சு மாதம் உடுமலைப்பேட்டையில், வேறு ஜாதிப் பெண்ணை மணந்த சங்கர் என்ற பொறியியல் மாணவரை, பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். வெட்டியவர்களுக்கு அந்தப் பாடத்தை எந்த டைரக்டரும் கற்பிக்கவில்லை. அது ஸினிமா பிறப்பதற்கு வெகு காலம் முன்பே நம்மிடையே இருந்து வரும் பாடம்.

2018-ல் மாரி செல்வராஜ் எடுத்த 'பரியேறும் பெருமாள்' வந்தது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒடுக்கப்பட்ட ஜாதி மாணவன், தன்னை இழிவு செய்த பெண்ணின் தகப்பனாரைக் கடைசியில் சந்திக்கிறான். கத்தியை எடுக்கவில்லை, காலிலும் விழவில்லை. நீங்கள் மாறாத வரையில் எதுவும் மாறாது என்ற கருத்தை நிதானமாக அவரிடம் சொல்கிறான். தகப்பனாரால் 'சரி' என்று சொல்ல முடியவில்லை. 'முடியாது' என்றும் சொல்ல முடியவில்லை. பார்க்கலாம் என்கிறார். இரண்டு தேநீர்க் கிளாஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவ்வளவோடு படம் முடிகிறது.

இதுதான் நமக்குப் பெரிய மாறுதலாகத் தோன்றுகிறது. முற்காலத்துப் படங்களில் பெரியவர்கள் உபதேசம் செய்வார்கள்; வாலிபர்கள் கண்ணீர் விட்டுத் திருந்துவார்கள். இப்போது வாலிபன் பேசுகிறான். பெரியவர் திருந்தலாமா என்று யோசிக்கிறார். இருபது வருஷத்துக்கு மேலாகப் பாடம் சொல்லி வரும் நமக்கு இதில் வருத்தம் இல்லை. வகுப்பில் நல்ல கேள்வி கேட்கும் பையனைப் பெஞ்சின்மேல் நிறுத்துகிறவன் நல்ல உபாத்தியாயர் அல்ல.

ரயில்வே நண்பரிடம் நாம் சொன்னது இவ்வளவுதான்: "ஸினிமாவைப் பார்த்துக் கெட்டுப் போன பெண்ணாயிருந்தால், உங்கள் பெண் சொல்லாமல் போயிருப்பாள். அவள் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். உங்களை நம்பித்தான் சொல்லியிருக்கிறாள்." நண்பர் பதில் பேசவில்லை. பையனை ஒரு தடவை பார்த்து வரலாம் என்று மறுவாரம் சொன்னதாகக் கேள்வி.

ஸினிமா ஒரு கண்ணாடி என்பார்கள். கண்ணாடியில் பிள்ளைகளின் முகம் மட்டுந்தான் தெரியும் என்று பெற்றோர் நினைத்து விடக் கூடாது. பக்கத்தில் நிற்கிறவர்களின் முகமும் அதில் தெரியும். அந்த முகம் நமக்குப் பிடிக்கவில்லையென்றால், கண்ணாடியைக் கோபித்துப் பயனில்லை. இனிமேல் குடும்பத்துடன் படம் பார்த்துத் திரும்பும்போது, கதாநாயகியின் புடவையைப் பற்றிப் பேசுவதோடு, அவள் கேட்ட கேள்வியைப் பற்றியும் வழியில் கொஞ்சம் பேசலாமே!